முட்டை எங்கே போயிற்று என்று கேட்டாய்

ரகு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், "எஸ்தரோட கோழிங்க முட்டை போடறதையே நிறுத்திடுச்சாமே, ஏம்பா?" என்று. "வெயில்தான்டா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டேன். எஸ்தர் ஏன் இன்னும் அவள் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள் என்று நீ அடுத்துக் கேட்டிருக்கிறாய். "கம்பெனி பஸ்ஸு அங்கேர்ந்து பக்கமாம் நைனா" என்று அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. நாங்கள் இருவருமே உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. உன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. மறுமுனையில் ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டாலே என் வாக்கியம் பாதியில் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். அதனால் ஒடிசாவுக்கு இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சித்திரை லீவுக்கு நீ ரயில் ஏறும் முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும். முழுக்கப் படித்துவிட்டு ஏறு.

முதலில் கோழிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அதோடு, இனிமேல் அவற்றை நீயும் அவளும்தான் வளர்க்கப் போகிறீர்கள் என்று நான் நம்புவதால், உனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்தே கோழி கிடையாது. மாடு இருந்தது, நெல் இருந்தது. கோழி என்பது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களின் சமாசாரம் என்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். உன் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் முடிந்து, புதுவாயலில் சின்னதாகச் சாப்பாடு போட்டோமே, அதற்கு அடுத்த வாரம் எஸ்தரின் அம்மா ஒரு மூங்கில் கூடையில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் கொண்டு வந்து பின்வாசலில் வைத்துவிட்டுப் போனார். முன்வாசலுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் நம் வயலில் நடவு நட்டுவிட்டுக் கூலிக்கு வந்து நின்ற பழக்கத்தில், கால் தானாகப் பின்வாசலுக்கே வந்துவிட்டது போலிருக்கிறது. "உள்ளே வாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

உன் அம்மாவைத் தப்பாக நினைக்காதே. ஆரம்பத்தில் அவளுக்குத்தான் அந்தக் கோழிகள் மேல் ரொம்பப் பிரியம். எஸ்தர் ஷிஃப்டுக்குப் போயிருக்கும்போது அவற்றுக்கு நொய்யும் கீரைத்தண்டும் போட்டது அம்மாதான். எதிர்வீட்டுக்கு இரண்டு முட்டை கொடுத்தனுப்பும்போது "எங்க மருமவ கோழி போட்டது, கடையில வாங்கனது இல்ல" என்று சத்தமாகச் சொல்லியே கொடுப்பாள். நீ வேலைக்கு ஒடிசாவுக்குப் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சில் பாதி கோழிப் பேச்சுதான். அவர்களுக்கு நடுவே வேறு பேச்சு அப்போது இன்னும் உண்டாகவில்லை. அதனால்தான் முட்டை நின்றபோது, வீட்டில் வேறு ஏதோவும் கூடவே நின்றுபோனது.

ஐப்பசி மழையில் நின்றது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, கார்த்திகை பிறந்தபோது நாலும். முப்பது வருஷத்துக்கும் மேல் தொழிற்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பொறுத்திருந்து பார், பிறகு அடுத்ததைத் தொடு என்பதுதான் அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கோழிக்கும் அப்படியே செய்தேன். டீக்கடையில் வெங்கடேசு என்னைப் பார்த்ததும், "இன்னா சார், கோழிக்கு லேப் ரிப்போர்ட் வந்துச்சா? சுகரு இருக்குதாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். கடையே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பகல் குறுகிவிடும். கோழியின் உடம்பு வெளிச்சத்தைக் கணக்கு வைத்துத்தான் முட்டையை உருவாக்குகிறது. பகல் குறைந்தால் தானாக ஓய்வுக்குப் போய்விடும். அது நோயில்லை. நம் ஊரில் அதில் ஒரு விசேஷம் உண்டு. பின்பக்கத்து நிலத்தைக் கம்பெனிக்காரர்கள் வாங்கி வேலி போட்ட பிறகு அங்கே ஒரு பெரிய விளக்கு ராத்திரி முழுக்க எரிகிறது அல்லவா? வெளிச்சம் கூடினால் முட்டை கூடும்தானே என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். தப்பு. கோழிக்கு நல்ல இருட்டில் தூக்கமும் வேண்டும். தூங்காத கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் ஒரு சாக்குப்படுதா கட்டித் தொங்கவிட்டதும் அடங்கின.

இரண்டாவது, இறகு. வருஷத்துக்கு ஒரு தடவை கோழி பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புதிது முளைக்கவைக்கும். சாப்பிடுகிற சத்தெல்லாம் இறகுக்கே போய்விடும், முட்டைக்கு மிஞ்சாது. அந்தச் சமயத்தில் அரிசியும் நொய்யும் மட்டும் போட்டால் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொடு, உப்பில்லாத கருவாட்டுத் தூள் கொஞ்சம் கொடு, கரையான் புற்று கிடைத்தால் அதை விடாதே. மூன்றாவது, ஓடு. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் இல்லையென்றால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், பிறகு கொடுக்க முடியாமல் நின்றுவிடும். பழவேற்காட்டுக் கிளிஞ்சலை இடித்து ஒரு தனிச் சட்டியில் போட்டு வை. வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். நாலாவது, தண்ணீர். நம் போர் தண்ணீர் வருஷா வருஷம் கரித்துக்கொண்டே வருகிறது, நம்மாலேயே அதை வாயில் வைக்க முடிவதில்லை. கோழிக்கு மட்டும் அதை ஊற்றிக்கொண்டிருந்தோம். கேன் தண்ணீரைக் கோழிக்கு ஊற்றுகிறேன் என்று அம்மா என்னைத் திட்டினாள். ஆனால் ஊற்றியதும் குடித்த வேகத்தைப் பார்த்துவிட்டு அவளும் பேசாமல் போய்விட்டாள். வெயில் நாளில் இரண்டு தரம் தண்ணீரை மாற்று, நிழலில் வை.

செள்ளுப் பூச்சி பிடித்திருக்கிறதா என்று சிறகுக்கடியில் விரித்துப் பார். அடுப்புச் சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டால் புரண்டு தானே உதறிக்கொள்ளும். ஒரு சிவப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது, கூடையில் முட்டையே இல்லாமல். வெங்கடேசு மூக்கில் இறகைச் செருகச் சொன்னான். இங்கெல்லாம் அதுதான் வழக்கம். எதிரில் இறகு ஆடிக்கொண்டே இருந்தால் அது உட்காராதாம். எஸ்தர், "வேணாம் மாமா, பாவம்" என்றாள். காற்றோட்டமான ஒரு பிளாஸ்டிக் பழப்பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அதற்குள் நாலைந்து நாள் விட்டோம். அடிவயிற்றில் காற்று பட்டுச் சூடு தணிந்ததும் அடை கலைந்துவிட்டது. கழிச்சல் நோய்க்கு ஊசி போட மட்டும் மறக்காதே, கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் நம்முடையவை இளசு.

இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தேன். தை பிறந்தபோது கொண்டைகள் சிவந்துவிட்டன. முட்டை இடாத கோழியின் கொண்டை வெளுத்துச் சுருங்கி இருக்கும். இடுகிற கோழிக்குச் சிவந்து மெதுமெதுவென்று இருக்கும். பின்பக்கம் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தால், இடுகிற கோழிக்கு அகன்றிருக்கும். நாலுக்கும் பார்த்தேன். நாலும் இடுகின்றன. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூடையில் முட்டை இல்லை. எப்போதாவது ஒன்று கிடக்கும், பல நாள் அதுவும் இருக்காது.

இங்கேதான் நான் வழி தவறினேன், ரகு. கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால், "இன்னும் போடல" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்திருப்பேன். தெரிந்துகொண்டதால், இடுகிறது, ஆனால் காணோம் என்ற இடத்துக்கு வந்து நின்றேன். அம்மா அந்த இடத்துக்கு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். "எண்ணிப் பாருங்களேன். அவ முதல் ஷிஃப்டு போற வாரம் முட்டை கீது. அவ வூட்ல இருக்கற வாரம்தான் இல்ல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் "அப்படியெல்லாம் இருக்காது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அப்படித்தான் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் இருந்தது. எஸ்தர் காலையிலேயே பஸ் ஏறிப் போய்விடுகிற வாரங்களில் கூடையில் முட்டை கிடந்தது. மதியம்வரை அவள் வீட்டில் இருக்கிற வாரங்களில் கூடை காலியாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம்தான் வருவாள். அவளுடைய தம்பி அப்போது மஞ்சள் காமாலையிலிருந்து தேறி, சத்தாகச் சாப்பிட வேண்டிய நிலையில் இருந்தான். இதையெல்லாம் நான் யாரிடமும் சேர்த்துச் சொல்லவில்லை. என் மனதில் அவையே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன.

பிறகு ஒரு காரியம் செய்தேன். கூடையில் கிடந்த முட்டைகளின் அடியில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தேன். பரிசோதனைக் கூடத்தில் எந்தச் சாம்பிள் வந்தாலும் முதலில் அடையாளம் போட்டுவிட்டுத்தான் தொடுவோம். எது பழையது, எது புதியது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், பழையது புதியது தெரிய வேண்டுமென்றால் மேலேயே போட்டிருக்கலாம். அடியில் போட்டேன். அடுத்த நாள் குழம்புக்கு எடுக்க வந்த எஸ்தர் முட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது இன்னா கோடு?"

"எது எந்தக் கோழியோடதுன்னு பாக்கத்தாம்மா."

"ஓ" என்றாள். கையிலிருந்ததைப் பார்த்தாள், கூடையில் இருந்த இன்னொன்றையும் திருப்பிப் பார்த்தாள். இரண்டையும் மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு, அன்றைக்குத் தக்காளிக் குழம்பு வைத்தாள். அதற்குப் பிறகு நம் வீட்டில் அவள் முட்டை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. கோழிக்கூட்டுப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது, அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், "பை கனமா கீதே, இன்னா எடுத்துக்கினு போற?" என்று. யாருடைய பையைப் பார்த்தும் அவள் கேட்கக்கூடிய கேள்விதான் அது. "பைபிளும் டிபன் பாக்ஸும்தான் அத்தே" என்று சொன்ன எஸ்தர், பையின் ஜிப்பைத் திறந்து அகலமாக விரித்துக் காட்டினாள். திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த நான், "என்னம்மா இது, மூடு" என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக எட்டிப் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். பைபிளும் டிபன் பாக்ஸும்தான் இருந்தன.

அடுத்த வாரம், பஸ் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோழிகளை விட்டுவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகும் கூடையில் முட்டை இல்லை. பிறகு நான்கைந்து நாள் தொடர்ந்து இருந்தது. அப்புறம் மறுபடி இல்லை. அப்போதுதான் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவள் இல்லாதபோதும் காணாமல் போகிறதென்றால், நான் போட்ட கணக்கில் அவளைத் தவிர வேறொன்று இருக்கிறது. என்ன மாறியது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பின்பக்கத்துக் கேட்டில் வந்து நின்றேன். எஸ்தர் வீட்டில் இருக்கிற காலைகளில் துணி உலர்த்த அந்தக் கேட்டைத் திறந்துபோடுவாள். வேலியோரம் கட்டிய கம்பியில்தான் வெயில் நன்றாக அடிக்கும். அவள் முதல் ஷிஃப்ட் போகிற வாரங்களில், அம்மா முட்டி வலியோடு அவ்வளவு தூரம் போகாமல் முன்பக்கமே உலர்த்திவிடுவாள். கேட்டு மூடியே கிடக்கும். அவள் போனபின், குப்பை கொட்ட நான் அந்தக் கேட்டைத் திறந்த நாட்களில் முட்டை இல்லை. திறக்காத நாட்களில் இருந்தது. கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டை இடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கேட்டை நினைக்கவில்லை. மனுஷியை நினைத்தேன்.

மறுநாள் கேட்டைத் திறந்துவிட்டு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பெட்டை வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. அங்கே இங்கே பொறுக்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டே வேலிக்கடியில் நுழைந்து, கருவேல முள்ளுக்குள் போய், அங்கே போட்டு வைத்திருக்கிற உடைந்த சிமெண்ட் குழாய்க்குள் புகுந்துகொண்டது. அது வெளியே வருகிறவரை காத்திருந்து, முள்ளில் சட்டை கிழிய நானும் போய்க் குனிந்து பார்த்தேன். குழாய் நிறைய முட்டை. மேலே இருந்தது இன்னும் சூடாக இருந்தது. அடியில் இருந்தவை நாள்பட்டு அழுகி, கை வைத்ததும் உடைந்தன. அந்த நாற்றத்தோடு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கூடையை விட்டு அவை ஏன் அங்கே போயின என்றும் தெரிந்துகொள். அதற்கும் நான்தான் காரணம். எஸ்தர் எப்போதும் கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வைப்பாள். அது கிடந்தால்தான் இது பத்திரமான இடம் என்று கோழி மறுபடி அங்கே வரும். "ஒண்ணை விட்டு வைங்க மாமா" என்று என்னிடமும் சொல்லியிருந்தாள். பழைய முட்டை கெட்டுப்போய்விடுமே என்று நான் அதையும் எடுத்துவிட்டேன். போதாததற்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று கூடையைப் பினாயில் போட்டுக் கழுவி, புது வைக்கோல் போட்டேன். தினமும் நாலு தரம் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி எலும்பைத் தடவிப் பார்த்தால் எந்தக் கோழி அந்த இடத்தில் உட்காரும்? இடம் மாறிய கோழியைத் திரும்பப் பழக்க வேண்டுமானால் பத்து, பத்தரை மணி வரை வெளியே விடாதே. கூடையை இருட்டான மூலையில் வை. ஒரு முட்டையோ வெள்ளைக் கூழாங்கல்லோ போட்டு வை. பிறகு அந்தப் பக்கம் போகாதே. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டன.

முட்டை கிடைத்த அன்று அம்மாவைக் கூப்பிட்டு வேலியோரம் நிற்கவைத்துக் காட்டினேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு, "நான் இன்னா அவள திருடின்னா சொன்னேன்?" என்றாள். இல்லை, சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு வந்த சிக்கல். சொல்லியிருந்தால், "தப்பாச் சொல்லிட்டேம்மா" என்று போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சொல்லாததை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

அம்மாவிடம் சொல்லாமல், அந்தச் சனிக்கிழமை காலையில் ஏரிக்கரை மேலேயே நடந்து அந்தப் பக்கம் போனேன். இந்த வயதுக்கு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும், அந்தத் தெருவுக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. எஸ்தரின் அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து முந்தானையால் துடைத்துப் போட்டார். "வாங்க..." என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். முன்பு ஐயா என்பார். கல்யாணத்தில் யாரோ சம்பந்தி என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் வாயில் வரவில்லை. எனக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "உக்காருங்க" என்று நான் சொன்னேன், அவர் வீட்டில், அவரிடம்.

டீ வந்தது. எஸ்தரும் வந்து கதவோரம் நின்றாள். தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன், "முட்டை கெடச்சிடுச்சும்மா. பின்னால நெலத்துல, சிமெண்டு குழாய்க்குள்ள போட்டுக்கினு இருந்துதுங்க."

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய அம்மா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "குழாய்க்குள்ளயா? அடிப்பாவிங்களா! கம்பெனி எடத்துல குவார்ட்டர்ஸ் புடிச்சிக்கினு கீதுங்க பாரு. இதச் சொல்றதுக்கா இந்த வெயில்ல நடந்து வந்தீங்கோ? ஒரு போன் போட்டா நானே வந்து புடிச்சிக் குடுத்திருப்பனே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எஸ்தர் தன் அம்மாவிடம்கூட எதையும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு நாம் இன்னும் நல்லவர்கள். அவர் சிரிக்கச் சிரிக்க நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வந்தவன், அவர் எதிரில் கேட்டால் நடந்தது அவருக்கும் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் எழுந்துவிட்டேன். கரை வரைக்கும் எஸ்தர் கூட வந்தாள். அங்கே நின்று, சாதாரணமாக, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"மாமா, முட்டை கெடைக்கலன்னா வந்திருப்பீங்களா?"

நான் செருப்பிலிருந்த மண்ணைக் கரைக் கல்லில் தேய்த்தேன். அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா. வெயில் ஏறுது, போங்க" என்று சொல்லித் திரும்பி நடந்தாள்.

அந்தக் கேள்வியோடுதான் இத்தனை நாளாக இருக்கிறேன். பதில் எனக்கு அன்றைக்கே தெரியும். வந்திருக்க மாட்டேன். முட்டை கிடைத்திருக்காவிட்டால், பஸ் பக்கம் என்று அவள் சொன்னதை நானும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு, மனதுக்குள் வேறொன்றை வைத்துக்கொண்டு, கடைசிவரை நல்லவனாகவே இருந்திருப்பேன். கோழி ஏன் இடவில்லை என்று பார்க்க எனக்கு நாலு மாதம் பொறுமை இருந்தது. வெளிச்சம், தண்ணீர், கிளிஞ்சல், செள்ளு என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வாரம் கொடுத்தேன். அவளுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. அவள் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வராமல், நம் உறவிலிருந்து வந்திருந்தால், அந்தப் பென்சிலை எடுத்திருப்பேனா என்று உன் அப்பா இப்போது தன்னையே கேட்டுக்கொள்கிறான். எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் உன்னிடம் இதைச் சொல்லவில்லை என்றால், உனக்கும் எங்களுக்கும் நடுவே வரக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்திருப்பாள். அந்தப் பாரத்தை அவள் மட்டும் சுமக்கக் கூடாது. அதனால்தான் நான் சொல்கிறேன். லீவில் வந்து அவளைச் சமாதானப்படுத்தி இந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வரலாம் என்று நினைத்து வராதே. அப்பா வருத்தப்படுகிறார், அம்மாவுக்கு முட்டி வலி என்று எங்களைக் காட்டி அவளை இழுக்காதே. புதுவாயலிலோ மீஞ்சூரிலோ, அவளுக்கு எங்கே வசதியோ அங்கே வீடு பார். பின்னால் கொஞ்சம் மண்தரை இருக்கிற வீடாகப் பார். கோழிகளை நானே கொண்டு வந்து விடுகிறேன். இல்லை, திரும்பி வருகிறேன் என்று அவளாகவே சொன்னால், வரட்டும். ஆனால் அதை அவள் வாயால் சொல்ல வேண்டும், நீ கேட்டு வாங்கியதாக இருக்கக் கூடாது. நீ முடிவெடுக்கும்போது என் மாதிரி யோசித்துக்கொண்டே நிற்காதே. அந்தக் குணம் உனக்கும் கொஞ்சம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை, ஆள் எதிரில் நிற்கும்போதே சொல்லிவிடு. நாளைக் காலையில் நான் மறுபடி கரை தாண்டிப் போகிறேன். அவள் கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிட்டு வரப் போகிறேன். அவள் என்னை மதிக்க அது உதவாது. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்குச் சேர வேண்டும்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, உன் அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. சமையலறையில் உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். பை விஷயம் வந்தபோது, "அத எடுத்துடுங்க" என்றாள். "எடுக்க மாட்டேன்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்துப் போனோம். படித்து முடிக்கிறவரை அவள் அரிசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்ப இதையும் எழுதுங்க. அவன் ரயிலு எறங்கனதும் நேரா அங்கதான் போவணும். இங்க அவனுக்கு நான் சோறு ஆக்கி வெக்க மாட்டேன்."

அது கோபமா, வேறேதாவதா என்று அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அப்பா